மொச்சை நன்றாக இருக்கிறது

"உங்க மொச்சை நல்லாருக்கு. அடுத்து," என்றாள் கவுன்ட்டர் அம்மா.

சங்கவி நகரவில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் தூக்கி, முன்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடத்தில் குழி விழுந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல அது அப்படியே நின்றது.

"மொச்சை நல்லாருக்கும்மா. காலு நல்லால்லையே."

"அதுக்கு டாக்டரப் பாருங்க. நான் மொச்சைக்குத்தான் பதில் சொல்ல முடியும்."

அடுத்ததாக நின்ற ஜெசிந்தா அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மூடிக்கொள்ள எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்து, பயந்துபோய் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அந்த மையம் இருந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே வருகிற யாருமே அந்த ஊருக்கு வந்ததாக வெளியே சொல்வதில்லை, நாம் மட்டும் எதற்குச் சொல்லிக்கொண்டு. எச்.ஐ.வி. உள்ளவர்கள் மாத்திரை வாங்கும் இடம் அது. அவரவர் ஊர்ப் பக்கமே அப்படி ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே வரிசையில் நின்றால் சித்தப்பா மகனோ பால்காரரோ பார்த்துவிடுவார்கள். அதனால் ஒட்டன்சத்திரத்துக்காரர் இங்கே வருவார், இந்த ஊர்க்காரர் ஒட்டன்சத்திரம் போவார். இரண்டு பேரும் எதிரெதிர் பஸ்ஸில் ஒருவரையொருவர் தாண்டிப் போவார்கள். வைரஸைக் கண்டுபிடித்து எழுபது வருஷம் ஆகப்போகிறது, வைரஸுக்கு ஆயிரம் மருந்து வந்துவிட்டது, இந்தப் பஸ் பயணத்துக்கு மட்டும் இன்னும் ஒருவரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

ஜெசிந்தா திண்டுக்கல் பக்கம், மகன் பாதிரியார் ஆவதற்குக் குருமடத்தில் படிக்கிறான். குழந்தைகளுக்கு ஞானஸ்நான கவுன் தைப்பவள். வெள்ளைப் பட்டில் சிலுவைப் பூ வேலை செய்து அவள் தைக்கும் கவுனுக்கு மூன்று பங்குக் கோயில்களில் பேர். சங்கவி வேடசந்தூர்க்காரி, நூல் மில்லில் மேற்பார்வை வேலை. புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, ஒரே மகள் இனியாவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. இந்த இரண்டு பெண்களும் இந்த வரிசையில்தான் அறிமுகமானார்கள். மாதம் ஒருமுறை இருவரும் வீட்டில் ஆளுக்கொரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பி, பாதி வழியில் ஒரே பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வருவார்கள். அந்த ஒரு நாளில்தான் இரண்டு பேருக்கும் வாய் திறக்கும்.

டாக்டர் அழைக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் பச்சைத் துப்பட்டா போட்ட ஒரு இளம்பெண், கையில் மூடி போட்ட டப்பாவோடு முழித்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் யாரிடமும் பேர் கேட்பதில்லை.

"அக்கா, இதுல மூத்திரம் புடிச்சுட்டு வரச் சொல்றாங்க. மொச்சை வளக்கணுமாம். ஒண்ணும் புரியல."

"புதுசா? பயப்படாத தாயி," என்றாள் ஜெசிந்தா. "நம்ம மூத்திரத்துல கிட்னிலருந்து உதுந்த செல்லு கொஞ்சம் இருக்குமாம். அத வச்சுக் கண்ணாடிக் கிண்ணத்துல ஒரு குட்டிக் கிட்னி வளத்துருவாங்க. மொச்சக்கொட்டை அளவுதான் இருக்கும். உனக்குக் குடுக்கப்போற மாத்திரைய ஒரு மாசம் முன்னாடியே அதுக்குக் குடுத்துப் பாப்பாங்க. அது தாங்குச்சுன்னா உனக்கு. அது வாடிப்போச்சுன்னா மெஷினே உனக்கு வேற மருந்து செஞ்சு தரும்."

"கிட்னிக்கு எதுக்கு இவ்வளவு பண்றாங்க?"

"நம்ம வியாதிக்கும் கிட்னிக்கும் ஆகாது. வைரஸும் அதத்தான் கடிக்கும், மருந்தும் அதத்தான் கடிக்கும். எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க நெறையப் பேரு வியாதில தப்பிச்சுக் கிட்னில போனாங்க. இந்தப் புது மருந்து ரொம்ப வீரியம். ஒருத்தருக்குத் தேனா இருக்கும், இன்னொருத்தருக்குக் கிட்னிய உருக்கிரும். யாருக்கு எதுன்னு மொச்சைதான் சொல்லும்."

பெண் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நம்ம படவேண்டியத அது படுது."

"ஆமா தாயி. நல்ல சீவன்."

மையத்தில் எல்லோருக்கும் தங்கள் மொச்சைமீது ஒரு பிரியம் உண்டு. சுவரில் இருக்கும் திரையில் எண்ணைத் தட்டினால் அது தெரியும். இளஞ்சிவப்பாக, மெல்லத் துடித்துக்கொண்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் மிதக்கும். பொங்கலுக்கு முதல் நாள் ஒரு பெரியவர் அதற்குக் கரும்புச்சாறு ஊற்றமுடியுமா என்று கேட்டிருக்கிறார். மொச்சைக்குத் தூசி ஆகாது என்று எல்லோரும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வருவார்கள். கோயிலுக்குள் போகிற பணிவு அதில் இருக்கும். முன்பெல்லாம் மாதாமாதம் ரத்தம் எடுத்து, கிட்னியின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் அளவைப் பார்த்தார்கள். மொச்சை வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். கிட்னியையே கிண்ணத்தில் வைத்துக்கொண்டு ரத்தம் எதற்கு என்று மேலிடத்தில் கேட்டார்களாம். ஒரு ஊசிக்குத்து குறைந்தது என்று இவர்களும் சந்தோஷப்பட்டார்கள்.

டாக்டர் இர்ஃபான் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். நல்ல பையன் என்று எல்லோரும் சொல்வார்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுவார், அதுவே அங்கே பெரிய விஷயம். சங்கவியின் காலைப் பார்த்துவிட்டு அவராகவே ரத்தம் எடுக்கச் சொன்னார். மதியம் அதன் முடிவு வந்ததும் திரும்பக் கூப்பிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"கிரியாட்டினின் ஆறத் தாண்டிருச்சும்மா. ஒண்ணுக்குப் பக்கத்துல இருக்கணும். கிட்னி சரியா வேலை செய்யல, அதான் கால்ல நீர் கோத்துக் குழி விழுது. நாட்டு மருந்து எதுவும் சாப்பிட்டீங்களா?"

"இல்ல சார்."

"மூட்டுவலி மாத்திரை? மில்லுல எல்லாரும் போடுவாங்களே."

"போடமாட்டேன் சார்."

"மறைக்காமச் சொன்னாத்தான நான் ஏதாவது செய்ய முடியும்." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "இது உங்க மொச்சை. எட்டு வருஷமா நீங்க சாப்பிடுற அதே மாத்திரையத்தான் இதுவும் சாப்பிடுது. எவ்வளவு செழிப்பா இருக்குன்னு பாருங்க. அப்ப மாத்திரை காரணம் இல்ல. வேற என்னமோ நீங்க பண்றீங்க."

சங்கவி தலையைக் குனிந்துகொண்டாள். துணைக்கு உட்கார்ந்திருந்த ஜெசிந்தா முன்னால் நகர்ந்தாள்.

"மருந்த மாத்திப் பாக்கலாமா சார்?" என்று கேட்டாள்.

"நான் எழுதுனா மெஷின் ஏத்துக்காதுங்க. மொச்சை வாடினாத்தான் அது மருந்த மாத்தும். சட்டமே அப்படி."

"ஒருவேளை மாத்திரைதான் காரணம்னா?"

"காரணம்னா, இப்பவே மாத்துனா மிச்சம் இருக்கிறதக் காப்பாத்திரலாம். கொஞ்ச நாள் விட்டுட்டா காப்பாத்த ஒண்ணும் மிச்சம் இருக்காது. ஆனா மாத்திரை காரணம் இல்லியே."

காரணம் அதுதான் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

விஷயம் இதுதான். எட்டு வருஷத்துக்கு முன், மொச்சைக்கு டப்பா கொடுத்த நாளில், மையத்து வாசலில் ஓர் ஆம்புலன்ஸ் நின்றது. அதன் டிரைவர் சங்கவியின் கொழுந்தன். எங்கிருந்தோ யாரையோ ஏற்றிக்கொண்டு வந்தவன், வண்டியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். சங்கவி அவனைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் முக்காடு போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குக் கொடுக்காதவர்களுக்குப் புது மருந்து அந்த வருஷம் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். ஜெசிந்தா அவளுடைய எண் அட்டையை வாங்கிக்கொண்டு போனாள். ஒரு டப்பாவைத் தன் எண்ணுக்குக் கொடுத்தாள். பிறகு வாசல் குழாயில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, அரைமணி நேரம் நடையாக நடந்து, இன்னொரு டப்பாவைச் சங்கவியின் எண்ணுக்குக் கொடுத்தாள். அங்கே ரேகை கிடையாது, போட்டோ கிடையாது. அதெல்லாம் கூடாது, எண் மட்டும் போதும் என்று இவர்களே ஒரு காலத்தில் கொடி பிடித்து வாங்கிய உரிமை அது.

ஒருத்தருக்காக இன்னொருத்தர் போய் நிற்பது அந்த வரிசையில் சாதாரணம். உனக்குப் பதில் நான் போய்வருகிறேன் என்று சொல்வதைவிடப் பெரிய அன்பு அங்கே யாருக்கும் தெரியாது. திரும்பும் பஸ்ஸில் அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்புக்குக் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். அப்புறமும் மாதாமாதம் திரையில் தன் எண்ணைத் தட்டிவிட்டுச் சங்கவி சொல்வாள்: "உன் மொச்சை என் பேர்ல சொகுசா இருக்குக்கா." இரண்டு மொச்சைகளும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே இருக்கும். இடது ஓரத்தில் ஒரு சின்ன மடிப்புகூட இரண்டிலும் உண்டு. தன் உடம்பில் விளைந்ததல்லவா என்று ஜெசிந்தாவுக்கு உள்ளூர ஒரு பெருமை.

இப்போது அந்தப் பெருமையே குற்றமாகிவிட்டது. ஜெசிந்தாவின் கிட்னி தாங்கும் மருந்தை எட்டு வருஷமாகச் சங்கவியின் கிட்னி தின்றுகொண்டிருந்திருக்கிறது.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், அதே பழைய பெஞ்சில் ஜெசிந்தா உட்கார்ந்து, "நான் டாக்டர்கிட்டச் சொல்லிடுறேன்டி," என்றாள்.

"சொல்லக் கூடாது."

"உசுருடி."

"புதுசாப் பதியணும்னா வீட்டுக்கு ஆள் வந்து விசாரிப்பாங்கக்கா. ஆள் மாறாட்டம்னா கட்டாயம் வருவாங்க. தெருவுல நின்னு என் பேரக் கேப்பாங்க. இனியா இப்ப ஏழு மாசம். அவ மாமியா வளையலெல்லாம் வாங்கி வச்சிருக்கா. அந்தம்மா காதுக்கு இது போச்சுன்னா, எம்மவளையும் ரத்தம் குடுக்கச் சொல்லி நிறுத்துவா. அவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்தாக்கூட அந்த வீட்டுல அவளுக்குத் தனித் தட்டுதான்."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அவளுக்கு யாருடி இருக்கா?"

"கிட்னி போய்ச் செத்தா அது கவுரவமான சாவுக்கா. ஊரே வந்து அழும்." சங்கவி டீயைக் குடிக்காமல் தள்ளி வைத்தாள். வாயில் எதை வைத்தாலும் இரும்பாகக் கசக்கிறது என்றாள். "எம்மவ மேல சத்தியம் பண்ணு."

ஜெசிந்தா பண்ணிக்கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.

அடுத்து வந்த நாட்களில் அவளால் ஒரு கவுனை உருப்படியாகத் தைக்க முடியவில்லை. சங்கவியிடமிருந்து போன் வரும். மில்லில் இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பாள். முகம் காலையில் ஊதிவிடுகிறது, மகளிடம் தூக்கம் அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்பாள். அப்புறம் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி அவளே சிரிப்பாள். ஜெசிந்தா எதிர்முனையில் ஊசியைத் துணியில் குத்திக் குத்தி எடுப்பாள். உப்பைக் குறை என்பதைத் தவிர அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கோயிலில் முழந்தாளிட்டால் ஜெபம் வராது, இரண்டு டப்பாதான் கண்ணுக்கு முன்னால் வரும்.

அடுத்த மாத்திரை நாளில் சங்கவியால் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நடக்க முடியவில்லை. "எனக்கும் சேத்து நீயே வாங்கிட்டு வாக்கா," என்று எண் அட்டையை நீட்டிவிட்டுப் பெஞ்சில் சாய்ந்துகொண்டாள். எட்டு வருஷத்துக்கு முன் உட்கார்ந்த அதே இடம், அதே முக்காடு. அட்டையை வாங்கும்போதே ஜெசிந்தாவுக்கு முடிவாகிவிட்டது. சத்தியத்தை மீறினால் பாவம் தன் தலையில் விழட்டும், இனியா தலையில் விழவேண்டாம் என்று மாதாவிடம் வழியெல்லாம் பேரம் பேசிக்கொண்டே போனாள்.

அவள் சொன்னதையெல்லாம் டாக்டர் இர்ஃபான் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"போன மாசமே சொல்லிருக்கலாமேம்மா."

"சத்தியம் வாங்கிட்டா சார்."

அவருக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. காரணம் கிடைத்த சந்தோஷம் அந்தக் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. "சரி, விடுங்க. இப்பக்கூட வழி இருக்கு. அவங்க மொச்சை உங்களோடதுன்னு நிரூபிச்சாப் போதும், மெஷின் அதத் தள்ளிட்டு மருந்த நிறுத்தி வேற மருந்து குடுக்கும். வீட்டுக்கு ஆள் வராம நான் பாத்துக்கிறேன். வாயத் திறங்க, கன்னத்துல கொஞ்சம் எச்சி எடுக்கணும்."

பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறம் தேய்த்து எடுத்துக்கொண்டார். ஜெசிந்தா வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். பல நாளைக்கு அப்புறம் அவளுக்குப் பசித்தது. சங்கவி திட்டுவாள், திட்டட்டும், அழுவாள், அழட்டும், ஆள் இருந்தால்தானே திட்டவும் அழவும் முடியும் என்று நினைத்துக்கொண்டாள். இனியாவின் குழந்தைக்குக் கவுன் தைக்க முடியாது, அவர்கள் வேறு சாமி. ஒரு பட்டுச் சட்டையாவது தைத்துத் தரலாம் என்றுகூட யோசித்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் டாக்டர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் முகம் காலையில் பார்த்த முகமாக இல்லை.

"சங்கவியம்மா மொச்சை உங்களோடது இல்ல."

"என்ன சார் சொல்றீங்க? நான்தான் சார் குடுத்தேன். என் கையால."

"நீங்க குடுத்தீங்க. நான் நம்புறேன். அதனாலதான் உங்க பேர்ல இருக்கிற மொச்சையையும் எடுத்துப் பாத்தேன். அதுவும் உங்களோடது இல்ல. அப்புறம் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒரே ஆளோடது."

"அப்ப நான்தான?"

"இல்லம்மா. அந்த ஆளு நீங்க இல்ல."

அவர் தண்ணீர் குடித்தார். அடுத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க வழியுண்டா என்று தேடுவதுபோல ஜன்னலைப் பார்த்தார்.

"கைக்கு வந்ததையெல்லாம் எடுத்துப் பாத்தேன். நம்ம மையத்து மொச்சைத் தட்டுல இருக்கிறது அத்தனையும் ஒரே ஆளோடது. அந்தத் திசுவுல வைரஸ் பட்ட தடமே இல்ல. இந்த வியாதி வராத யாரோ ஒருத்தர். நல்ல திடமான ஆளு. எந்த மருந்தக் குடுத்தாலும் தாங்குற கிட்னி."

"எங்க டப்பாவெல்லாம்?"

"கொட்டியிருப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனியா வளக்கிறது லேசுல வராது. பாதி செத்துப்போகும், திரும்பத் திரும்ப வளக்கணும். வளத்துக் குடுக்க ஒப்புக்கிட்ட கம்பெனி சாகாத ஒண்ணப் புடிச்சு, வெட்டி வெட்டி எல்லாருக்கும் வச்சிருச்சு."

ஜெசிந்தாவுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது என்னவோ ஒரு அசதிதான். எட்டு வருஷம் அந்தக் கிண்ணத்தைப் பார்த்து நல்ல சீவன் என்று சொல்லியிருக்கிறாள்.

"இத்தனை நாளு ஒருத்தரும் கண்டுபுடிக்கலையா சார்?"

"நான் வந்ததுக்கு அப்புறமே சில பேரு கிட்னி போய் வந்தாங்க. நான் எல்லார்கிட்டயும் சங்கவியம்மாகிட்டக் கேட்ட மாதிரியே கேட்டேன். தவுட்டுக்கடைக்காரர் ஒருத்தர், ஆமா சார், அப்பப்பக் குடிச்சேன்னார். ஒரு பொண்ணு ஊருக்குப் போன நேரத்துல மாத்திரைய விட்டுட்டேன்னு அழுதுச்சு. ஒரு அம்மா என் தம்பி டப்பாவ என் பேர்ல குடுத்துட்டேன்னு காலப் புடிச்சாங்க. ஆளுக்கொரு தப்பு கைல வச்சிருந்தீங்க. அதனால யாரும் மொச்சைய சந்தேகப்படல. நானும் படல." அவர் குரல் இறங்கியது. "உங்க மேல தப்பு இல்லம்மா. நீங்க ரெண்டு டப்பா குடுத்திருந்தாலும் ஒண்ணு குடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்."

இந்த வார்த்தைக்காக அவள் ஒரு மாதமாக ஏங்கியிருந்தாள். வந்து சேர்ந்தபோது அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சங்கவிக்கு இப்ப மருந்து மாத்திருவீங்கள்ல?"

"யாரோடதுன்னு பேர் காட்டினாத்தான் மெஷின் இதத் தள்ளும், அது யாருன்னே தெரியல. இல்லைன்னா மொச்சை வாடினாத்தான் மாத்த முடியும். இது வாடாதும்மா."

"நிறுத்திட்டா?"

"நிறுத்தினா வைரஸ் முழிச்சுக்கும். இப்ப இருக்கிற உடம்புக்கு அதத் தாங்கமாட்டாங்க. வேற எங்க போனாலும் மொச்சைச் சீட்டக் கேப்பாங்க. டயாலிசிஸுக்குப் பேரு போட்டு வச்சிருக்கேன். நம்ம ஆளுங்களுக்குன்னு ஒரே ஒரு மெஷின், முன்னாடி நிறையப் பேரு காத்திருக்காங்க."

"மேலிடத்துல சொல்லுங்க சார்."

"சொன்னேன். ஒப்பிட்டுப் பாக்குற மெஷினுல கோளாறு இருக்கும்னாங்க. நாளைக்கு ஆள் வந்து அத எடுத்துட்டுப் போறாங்களாம்." அவர் சிரிக்கப் பார்த்து முடியாமல் நிறுத்தினார். "ஒரு வழி இருக்கு. மூத்திரம் குடுத்தவங்க நேர்ல வந்து நிக்கணும். பேரச் சொல்லி, முகத்தக் காட்டி, இது என் செல்லு இல்லைன்னு கோர்ட்டுல எச்சி குடுக்கணும். நம்பர் போதாது. நம்பரக் கூண்டுல ஏத்த முடியாது. ஒருத்தர் ஆரம்பிச்சா நாலு பேரு வருவாங்க."

அவர் அவளைப் பார்த்தார். "நீங்க நிப்பீங்களா?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். சங்கவியிடம் பெஞ்சில் உட்கார்ந்து உசுருடி என்று அவ்வளவு சுலபமாகச் சொன்னது அவள்தான். இப்போது அவள் கண்ணுக்கு முன்னால் வெள்ளைப் பட்டு விரிந்தது. கவுன் வாங்கிப்போன வீடுகள் எல்லாம் வரிசையாக வந்தன. ஒரு தாய் பெட்டியைத் திறந்து, பிள்ளை போட்ட கவுனை எடுத்து, இரண்டு விரலால் தூரமாகப் பிடித்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் எரிப்பது தெரிந்தது. குருப்பட்டம் வாங்க இன்னும் ஒரு வருஷமே இருக்கும் அவள் மகன், குருமடத்தில், மற்றப் பையன்களுக்கு நடுவில் நிமிராமல் சாப்பிடுவது தெரிந்தது. சொல்ல வந்த சொல் எதுவோ அது வெளியே வரவில்லை.

"பரவால்லம்மா," என்றார் டாக்டர். "இத வெளிய சொல்ல எனக்கும் தைரியம் இருக்குதான்னு தெரியல."

கூடத்துக்கு வந்தாள். வரிசை இன்னும் முடியவில்லை. எல்லோரும் வெறுங்காலோடு நின்றார்கள். எட்டு வருஷமாக அந்தக் கால்களை அவள் பார்த்ததில்லை. முகத்தைப் பார்ப்பதே மரியாதை இல்லை என்று நினைக்கிற இடத்தில் காலை யார் பார்ப்பார்கள். இப்போது குனிந்த தலை குனிந்தபடியே இருந்ததால் கால்கள்தான் தெரிந்தன. வாசலில் கழற்றிய செருப்பு வாரின் தடம் சில கால்களில் இன்னும் பதிந்திருந்தது. ஆழமாக, சிவப்பாக, கயிறு போட்டு இறுக்கினதுபோல. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, தூணோரம் இன்னொன்று.

"அக்கா," என்று யாரோ கையைத் தொட்டார்கள். பச்சைத் துப்பட்டா. இன்றைக்கு முகத்தில் தெளிவு இருந்தது. "என் மொச்சை வளந்துருச்சு. வந்து பாருங்களேன்."

இழுத்துக்கொண்டு போய்த் திரையில் காட்டினாள். இளஞ்சிவப்பாக, மெல்லத் துடித்துக்கொண்டு, இடது ஓரத்தில் ஒரு சின்ன மடிப்போடு மிதந்தது.

"நல்லாருக்காக்கா?"

ஜெசிந்தா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாருக்கு தாயி," என்றாள்.

கவுன்ட்டரில் இரண்டு எண்ணுக்கும் மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அழவில்லை. பெஞ்சில் சங்கவியின் பக்கத்தில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சத்தியத்தை மீறியதைச் சொன்னாள், ஒரே ஆள் என்பதைச் சொன்னாள், டாக்டர் கேட்டதையும் தான் வாயடைத்து நின்றதையும் மறைக்காமல் சொன்னாள்.

"வீட்டுக்கு ஆள் வருமா?" என்று முதலில் கேட்டாள் சங்கவி.

"வராது."

சங்கவி முக்காட்டைத் தள்ளிவிட்டு மூச்சு வாங்கினாள். ஊதிப்போன முகத்தில் கண்கள் சிறுத்துவிட்டிருந்தன. அந்தக் கண்களில் ஒரு சிரிப்பு வந்தது. அதில் நிம்மதிதான் இருந்தது. ஜெசிந்தாவுக்கு அதைப் பார்க்கவே தாங்கவில்லை.

"அப்ப உன் டப்பாவுல தப்பில்ல."

"இல்லடி."

"எனக்கு அந்தக் கவலைதான்க்கா ராத்திரியெல்லாம். நான் போய்ச் சேந்த பெறகு நீ உன்னாலதான் நான் செத்தேன்னு நெனச்சே உருகிருவியேன்னு." ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பேரச் சொல்லலைன்னு வருத்தப்படாத. நான் மட்டும் சொன்னேனா."

ஊருக்குப் போகிற பஸ் இன்னும் வரவில்லை. எதிர்க் கடையில் பஜ்ஜி போட ஆரம்பித்திருந்தார்கள். சங்கவி எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு மெல்லக் கலைந்துபோனது.

"அப்ப உன் மொச்சையும் உன்னோடது இல்ல," என்றாள்.

ஜெசிந்தா கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"உன் காலக் காட்டு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடி. தையல் மெஷின் மிதிக்கிறதுல சாயங்காலம் லேசா..."

"காட்டுக்கா."

சங்கவி குனிய முடியாமல் குனிந்து, அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சேலையை ஒரு சாண் ஒதுக்கினாள். முன்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரம் அப்படியே அழுத்திக்கொண்டிருந்துவிட்டு விரலை எடுத்தாள்.

இரண்டு பேரும் அந்த இடத்தையே பார்த்தபடி காத்திருந்தார்கள். பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கண்டக்டர் இவர்களைப் பார்த்து வருகிறீர்களா என்று கையைக் காட்டினார். குழி அப்படியே இருந்தது.